கீழ்வீட்டுக்குக் கேட்ட பேஸ்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது இவருக்குப் பிழைப்பு; பாட்டுக்கு அடியில் கனத்த குரலில் ஒலிக்கும் பேஸ் கிட்டார்தான் உயிர். விடுமுறை நாட்களில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பார். கச்சேரி முடிந்ததும் பாடகரைப் புகழ்வார்கள், டிரம்ஸ்காரரைத் தோளில் தட்டுவார்கள். இவரிடம், "நீங்களும் மேடையிலயா இருந்தீங்க?" என்பார்கள். சொந்த மச்சினனே கேட்டிருக்கிறான். நாலு கம்பி வாசிப்பவனைக் கேட்க இந்த உலகத்தில் காதே கிடையாது என்பது இவர் கட்சி.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு பேஸ் மேதையின் பழைய ஜாஸ் ஃபியூஷன் ஆல்பங்கள் மொத்தமும் ஒரே பெட்டியில் கிடைத்தால் தலைகால் புரியுமா? கைக்குழந்தையை இறக்குவதுபோல் மேசையில் இறக்கினார். முதல் இசைத்தட்டை மனைவியும் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. சாக்ஸஃபோன் கேக்குது, டிரம்ஸ் கேக்குது. இதுல உங்க ஆளு எங்க?"

"அடியில போறாரு பாரு."

"போகட்டும். ஆனா கீழ்வீட்டு அக்கா சத்தம்னு ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா, பெட்டி கடைக்கே திரும்பிப் போயிடும். சொல்லிட்டேன்."

பயம் நியாயமானதுதான். கீழ்வீட்டுத் தையல்காரம்மா லேசுப்பட்டவர் இல்லை. மேலே நாற்காலியை இழுத்தால் கீழிருந்து ஒட்டடைக் கம்பால் கூரையில் இடிப்பார். இவர் தும்மியதற்கே ஒருமுறை இடி விழுந்திருக்கிறது. ஆனால் பெட்டி வந்து ஒரு வாரமாகியும் கீழிருந்து ஒரு இடிகூட இல்லை. அந்த அமைதியை இவர் நம்பவில்லை. முந்திக்கொள்வோம் என்று பழைய மெத்தையை மடித்து ஸ்பீக்கருக்கு அடியில் செருகி, பேஸ் குமிழையும் பாதிக்குக் குறைத்தார். பேஸ்காரரின் ஆல்பத்தில் பேஸைக் குறைக்கிற பாவத்தை எங்கே போய்த் தொலைப்பது! மனசு கேட்கவில்லை. என்ன செய்ய, பெட்டி வீட்டில் இருக்கவேண்டுமே.

மறுநாள் காலையில் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றார். மனைவி இவரை ஒரு பார்வை பார்த்தாள். இவர் தட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் தம்பி, பாட்டை நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தலையே அக்கா. நேத்துகூட ஓடுச்சே!"

"எங்க ஓடுச்சு? கீழ ஒண்ணும் கேக்கல. ஒரு வாரமா அந்தத் தாளத்துக்குத்தான் நான் தையல் மெஷினை மிதிச்சிட்டிருக்கேன். நேத்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." தையல்காரம்மா காலால் தரையைத் தட்டிக்கொண்டே, "தூம்... தும்தும்... தூம்..." என்று முனகிக் காட்டினார்.

இவருக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டாம் தட்டின் கடைசிப் பாட்டு! அதுவும் பேஸ் மட்டும், இம்மி பிசகாமல். தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியது அது ஒன்றுதான். மற்ற வாத்தியமெல்லாம் மேலேயே தங்கிவிட்டிருக்கிறது.

மெத்தையை உருவி எறிந்தார். "உக்காந்து முழுசாக் கேளுங்கக்கா!"

தையல்காரம்மா உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்தார். "நல்லாப் போயிட்டிருக்கிற பாட்டுல இது யாரு தம்பி, பீப்பீன்னு குறுக்க குறுக்க?"

"அதுதான் அக்கா சாக்ஸஃபோன்," என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னமோ போ. நான் கீழ போயே கேட்டுக்கறேன்."

அன்று மாலை இவர் தட்டு எதையும் போடவில்லை. தன் கிட்டாரை எடுத்தார். மேடையில் இத்தனை காலம் யார் காதிலும் விழாத தன் வாசிப்பை, தரையோடு தரையாக ஸ்பீக்கரை வைத்து வாசித்தார். முடித்ததுதான் தாமதம், கீழிருந்து ஒட்டடைக் கம்பு இடித்தது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "ஏன் நிறுத்தினீங்க? வாசிங்க. அக்கா மெஷின்ல உக்காந்திருக்காங்க இல்ல?"