அறுபது பெட்டி கொசுவர்த்தி

வெள்ளம் வந்த ஊருக்கு உதவ வருகிற அமைப்புகள் ஏன் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதைப் பதினோரு வருடமாக ஆராய்ந்து வருகிறேன். பக்கத்து அறையில் இருக்கும் யமுனாவோடு நான் பேசி மூன்று வருடம் ஆகிறது.

இருவருக்கும் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் மேலாண்மைத் துறையில் வேலை. நிவாரணப் பொருட்கள் கிடங்கிலிருந்து முகாம்வரை எப்படிப் போகின்றன, யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கொள்ளிடக் கரையில் அறுபத்திரண்டு குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் கேள்வி கேட்டவர் யமுனா. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அனுப்புவதற்கு முந்தின நாள் அதை இரண்டாவதாக்கினேன். அச்சில் வந்த பிறகு யமுனா என் அறைக்கு வந்தார்.

“சார், இது அச்சுப் பிழையா?”

“இல்ல” என்றேன்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு எங்களுக்கிடையே போக வேண்டிய காகிதங்களை அலுவலக உதவியாளர் சேக் மைதீன் கொண்டுபோவார். இரண்டு கதவுக்கும் நாலடி தூரம். அவர் டீக்கடை வழியாகப் போவதால் சராசரியாக நாற்பது நிமிடம் ஆகும். நிவாரணத்தில் ஏற்படும் தாமதத்தைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். அவரிடம் மட்டும் எதுவும் சொன்னதில்லை.

இந்த ஆடியில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. திங்கட்கிழமை. அதற்கு ஒரு படிவம் உண்டு. அந்தக் கட்டுரையில் முதன்மைப் பங்கு என்னுடையதே என்று, என்னோடு சேர்ந்து எழுதியவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். இதையும் சேக் மைதீனிடம் கொடுத்தனுப்ப எனக்கே கூச்சமாக இருந்தது. பத்து நாளாகப் படிவம் என் பையிலேயே கிடந்தது.

“நாலடி நடந்து கேட்டா காலு தேஞ்சா போயிடும்?” என்றாள் என் மனைவி பானுப்ரியா. தேயப்போவது கால் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஆடிப் பதினெட்டு. கொள்ளிடம் கரைபுரண்டதால் கரையோரக் குடும்பங்களை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நேர்காணலில் காட்ட நாலு போட்டோ எடுக்கலாம் என்று போனேன். அன்றைக்கு ஊரில் வீட்டுக்கு வீடு சித்ரான்னம் செய்து காவிரிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவார்கள். இந்த வருடம் தண்ணீர் ஏறியதால் படித்துறைகளை மூடிவிட்டார்கள். கட்டிய சோற்றை என்ன செய்வது? யாரும் யாரோடும் கலந்து பேசாமல், எல்லோரும் தூக்குச்சட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு அறை முழுக்கப் புளியோதரை. ஒன்பதாம் வகுப்பில் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும். தலைமையாசிரியர் அறையில் தயிர் சாதம். ஒரே பொருள் ஒரே இடத்தில் வந்து குவிவதைப் பற்றி இருபத்தாறு பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் பெருங்காய வாசனை வரவில்லை.

முகாமிலிருந்த ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். வீராயி என்று பெயர் சொன்னார்.

“சோறு போதும் சார். இன்னொரு தடவை புளிசோத்தைக் காட்டினா புள்ளைங்க அழுதுடும். கொசுக்கடிதான் தாங்கல. கொசுவத்தி இருந்தா வாங்கிக் குடுங்க.”

தேவையை இவ்வளவு தெளிவாக என்னிடம் யாரும் சொன்னதில்லை. கடைகடையாக ஏறி இறங்கி, முப்பது பெட்டி கொசுவர்த்தியோடு சாயங்காலம் திரும்பினேன். வாசலில் ஆட்டோவிலிருந்து யமுனா இறங்கிக்கொண்டிருந்தார். கையில் மூட்டை. தில்லை நகரில் வாங்கிய முப்பது பெட்டி கொசுவர்த்தி.

“வீராயிக்கா, நீங்க போன்ல கேட்டது” என்று யமுனா மூட்டையை இறக்கினார்.

என் அட்டவணையில் வீராயி பதினேழாம் எண். யமுனாவுக்கு அக்கா. எனக்கு வெட்கமாக இருந்தது.

வீராயி அறுபது பெட்டியையும் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

“தீப்பெட்டி?”

நான் யமுனாவைப் பார்த்தேன். யமுனா என்னைப் பார்த்தார்.

பள்ளிக்கூடம் என்பதால் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பூட்டியவர் ஆடிப் பதினெட்டுக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜுதானே? பேசிக்க மாட்டீங்களா?” என்றார் வீராயி.

பதினோரு வருடமாக நான் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. தெருமுனைக்கு ஓடிப்போய்த் தீப்பெட்டி வாங்கி வந்தேன். ஆற்றுக்காற்றில் ஏழு குச்சிகள் அணைந்தன.

“ஒரு பேப்பரைக் கொளுத்தினாத்தான் சார் பத்தும். பையில ஏதும் இருக்கா?” என்றார் வீராயி.

பையில் படிவம்தான் இருந்தது. எடுத்தேன். யமுனா அதைப் பார்த்துவிட்டார்.

“பத்து நாளா எப்பக் கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். படிவத்தை அலுவலகத்திலிருந்து எனக்குக் கொண்டுவந்ததே சேக் மைதீன்தான். அன்றும் டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார்.

“கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?”

“மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்.”

“அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் முழுசா பதில் சொல்லல மேடம். பேரை நான்தான் மாத்தினேன். தப்பு பண்ணிட்டேன்.”

வீராயிக்கு முன்னால் சொல்கிறேன் என்பதும் உறைக்கவில்லை. படிவத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த குச்சியைக் கிழித்தேன். யமுனா இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டார். படிவம் நன்றாக எரிந்தது. கல்லூரியில் நல்ல தாளாகத்தான் வாங்குகிறார்கள். அந்த ஒரு தாளில் பதினோரு சுருள் பற்றவைத்தோம்.

திங்கட்கிழமை நேர்காணலுக்கு நான் போகவில்லை. பெயர்களின் வரிசையைத் திருத்தச் சொல்லி ஆய்விதழுக்கு ஒரு கடிதம் அடித்தேன். இருவர் கையெழுத்தும் வேண்டும். சேக் மைதீன் வழக்கம்போல் கையை நீட்டினார்.

“நானே போறேன் பாய்” என்றேன்.

நாலடிதான். கதவைத் தட்ட எனக்கும் நாற்பது நிமிடம் ஆனது.