மூன்றில் ஒரு பங்கு

செங்கேணிக்கு எதையும் விட மனசு வராது. அதுதான் அவளுடைய கோளாறு. பன்னிரண்டு வரியைக் கொடுத்து நாலு வரியாகச் சுருக்கு என்றால் பதினைந்து வரி எழுதி நீட்டுவாள்.

"இது அலங்காரம், வெட்டுக்கா. இது உதாரணம், இதையும் வெட்டு. கருத்த மட்டும் எடுத்து உன் சொந்த வார்த்தையில சொல்லு" என்பாள் பிரபா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அரிசி மண்டிக்கு மேலே இருந்த டுடோரியலில் தமிழ் நடத்துகிற பெண். பி.எட். முடித்து, வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவள். செங்கேணியைவிட வயதில் சின்னவள்.

"எல்லாம் முக்கியமாத்தான் கீது டீச்சர். ஒருத்தர் ஒக்காந்து யோசிச்சு எய்திகிறாரு. அத வெட்டறதுக்கு நான் யாரு?"

பிரபாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

செங்கேணி பால்வாடியில் ஆயா. சமைப்பது, பெருக்குவது, பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைப்பது, பிறகு மறுபடியும் பெருக்குவது. ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கும் அவர்களுடைய இருளர் குடியிருப்பில் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள் அவள் ஒருத்திதான். பால்வாடி டீச்சர் சீக்கிரமே ரிடையர் ஆகப்போகிறார். அதற்குள் பத்தாவது பாஸ் செய்துவிட்டால் அந்த இடம் செங்கேணிக்கு. இல்லையென்றால் வெளியூர் ஆளைப் போட்டுவிடுவார்கள். மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிட்டது. தமிழ் இரண்டாம் தாள் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது.

போன தடவை நோட்ஸில் இருந்த தேனீக் கட்டுரையின் சுருக்கத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கேள்வித்தாளில் வந்ததோ நூலகம். அதனாலென்ன, படித்த படிப்பு வீணாகலாமா? தேனீயையே அழகாக எழுதி வைத்துவிட்டு வந்தாள். திருத்தினவர் பாவம், தேனீ எந்த நூலகத்துக்குப் போனது என்று தேடியிருப்பார்.

இந்தத் தடவை அசதிதான் அவளுக்கு வாத்தியார். பால்வாடி வேலை முடித்து, விறகு சேர்த்துப் போட்டுவிட்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்காரும்போது பேனா பிடிக்கவே கை வலிக்கும். நாலு வரிக்கு மேல் எழுத முடியாது. எது போனால் போகிறது என்று விட ஆரம்பித்தாள். முதலில் உவமைகள் போயின. அப்புறம் பெயர்கள், அப்புறம் 'ஆனால்' என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள்.

"இப்பத்தான் சரியா வருதுக்கா" என்றாள் பிரபா.

பரீட்சையன்று கேள்வித்தாளைத் திருப்பினால், சுருக்கி வரைய வந்திருந்தது உத்திரமேரூரேதான். குடவோலை முறை. செங்கேணிக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊரில் மக்கள் கூடித் தேர்தல் நடத்தினார்கள்; ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள்; உலகத்துக்கே வழிகாட்டினார்கள். வரிக்கு வரி பெருமை. நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் உள்ளவர்களின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன.

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவர்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் பட்டா கிடையாது. அளக்க வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும், "இங்கிருந்து எப்ப கிளம்பப் போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் கட்டுரை, மிச்சமெல்லாம் அலங்காரம்.

ஆனால் திருத்துகிறவருக்கு அப்படி இருக்காதே. இதை எழுதினால் பெருமை நிற்காது. மையக் கருத்தை விட்டுவிட்டாள் என்று சுழித்துவிடுவார். அஞ்சு மார்க். போன தடவை அவள் கோட்டை விட்டதும் அந்த அஞ்சு மார்க்கில்தான். கேள்வித்தாளில் அந்த வாக்கியத்தின் மேல் பென்சிலால் கோடு இழுத்தாள். மிச்சத்தைச் சுருக்கி, 'மக்களாட்சியின் தாய்மடி' என்று தலைப்பும் போட்டாள்.

வாசலில் பிரபா காத்திருந்தாள். செங்கேணி தான் எழுதியதை ஒப்பித்தாள்.

"ஒரு வார்த்தைகூட வேஸ்ட் இல்லக்கா. முழு மார்க்" என்று பிரபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. செங்கேணிக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது, வரவில்லை.

சாயங்கால பஸ்ஸில் அவள் புருஷன் முனியன் ஏறினான். பகல் முழுக்க வேலிக்காத்தான் வெட்டிவிட்டு வந்தவன், கையெல்லாம் முள் கீறல். பக்கத்தில் உட்கார்ந்ததுமே அவனுக்குக் கண் சொருகியது.

"இன்னா வந்துச்சு பரீட்சையில?"

"நம்ம ஊரப் பத்தி ஒரு கட்டுரை. பெரிசு."

"சுருக்கமா சொல்லு. தூக்கம் வருது."

பிரபாவிடம் ஒப்பித்தது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

"அந்தக் காலத்துலயே ஓலையில பேர் எய்தி ஆள் எடுத்துகிறாங்க. நம்மள சேக்கல."

முனியன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"அத எய்தினியா?"

"இல்ல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது. முனியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மார்க் வருமா?"

"வரும்" என்றாள் செங்கேணி.