தோளில் ஒரு தட்டு

கட்டாய ராணுவ சேவை முடிந்து வந்த மூன்றாம் நாளே நண்பர்கள் உஜினைச் சுவோன் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கேம் சென்டருக்கு இழுத்துப் போனார்கள். ஒன்றரை வருடத்தில் விரல்கள் மந்தமாகிவிட்டிருந்தன. ஐந்து பேர் அணியில் ஒவ்வொரு சண்டையிலும் முதலில் செத்தது அவன்தான். அவன் இல்லாத நாட்களில் அவனுக்குப் பதிலாக அணியில் ஆடிய தேஹூன், பின்னால் நின்று நூடுல்ஸ் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து அவனுக்கே இடத்தைக் கொடுத்துவிடலாமா என்று உஜினுக்குத் தோன்றியது. கொடுத்துவிட்டால் நாளை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அப்போது யாரோ தோளைத் தட்டினார்கள்.

"சார்ஜென்ட்! பெக் உஜின்!"

யார் தொட்டாலும் பதவியையும் பெயரையும் உரக்கச் சொல்லும் பட்டாளத்துப் பழக்கத்தில், உஜின் துள்ளி எழுந்து விறைப்பாக நின்று கத்தியிருந்தான். கடையே திரும்பிப் பார்த்தது. எதிர் வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தட்டிய தேஹூன் சிரிப்பில் நூடுல்ஸைச் சிந்தினான். "சோடா வேணுமான்னுதான் கேக்க வந்தேண்ணே. சுட்டுராதீங்க!"

"சிரிடா, சிரி," என்றான் பக்கத்து நாற்காலி பியோங்ஜு. போன வருடமே சேவை முடித்தவன். "அடுத்த மாசம் நீ பட்டாளத்துக்குப் போறல்ல, அப்பத் தெரியும். நான் எங்கம்மா தட்டினதுக்கே கத்தினவன்."

"இவன் போறானா?" என்றான் உஜின்.

"போகாம? இனிமே அந்த எடத்துல நீதான் ஆடணும். ஒக்காருடா, கோட்டைய இடிக்கிறானுங்க!"

உஜின் உட்கார்ந்தான். அடுத்த சண்டையிலும் முதலில் செத்தான். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "தேஹூன், அந்த சோடாவக் கொண்டா," என்றான்.