விரலுக்கு முந்திய முனகல்

"அந்தப் பிளக்கைக் கழட்டாதேங்கோ!"

றஞ்சனா ஓடி வருவதற்குள், சவ அடக்கம் நடத்த வந்த மலர்ச்சாலைக்காரர் வீரய்யா அதை உருவிவிட்டார்.

"பெட்டிக்கிட்ட வைக்கிற லைட்டுக்கு வேற எடமில்லம்மா. பெட்டி போனதும் நானே மாட்டிடுறேன்."

அது பியானோவுக்குள் எரியும் பல்பின் வயர். அம்பிட்டிய மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வருடம் முழுக்க எரியும். அணைத்தால் சற்று நேரத்தில் மரம் சில்லிட்டுவிடும். வெளியூர் போனாலும் அவள் புருஷன் சஞ்சயன் முதலில் அதைத்தான் விசாரிப்பார், பிறகுதான் பெண்டாட்டியை. இப்போது கோட்டுப் போட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறார்.

முப்பது வருடம் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த மனிதர். சாப்பிடுகிறவர்கள் தலை நிமிர்ந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில்தான் முதல் அல்பம், இதே அறையில், இதே பியானோவில். பதிவு முடிந்த வாரமே நெஞ்சுவலி வந்தது.

பிற்பகல் மழைக்குள், ஒலிப்பதிவு செய்த அஹ்னாப் வந்தான்.

"அல்பம் நாளைக்கு வெளிய வர வேண்டியது அக்கா. ஒருக்கா கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

வாசிக்கும்போது சஞ்சயனுக்குத் தன்னையறியாமல் ஒரு முனகல் வரும், விரலுக்குச் சற்று முந்தி. "ஆடு கத்தின மாதிரிக் கிடக்கு, எடுத்துப் போடு" என்று அஹ்னாபிடம் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். இருக்கட்டும் என்று றஞ்சனா சண்டை பிடித்துத் தோற்றாள். அவளுக்குப் பியானோ விளங்காது. அந்த முனகல்தான் விளங்கும்.

பெட்டியருகே கதிரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். முனகல் வந்தது. பின்னால் விரல்கள் வந்தன.

"நீங்கள் எடுக்கேல்லையே, தம்பி."

"எல்லாத்தையும் எடுத்துட்டேனே." அவன் வாங்கி மாட்டிக் கூர்ந்து கேட்டான். "வெறும் பியானோதான் அக்கா."

ஹெட்போன் அவன் காதில்தான் இருந்தது. அவளுக்கு முனகல் இன்னும் கேட்டது.

"முனகலைத் திரும்பப் போடுங்கோ."

"அவரு வேணாம்னாரே?"

"இப்ப வேணுமாம்."

அஹ்னாப் பெட்டியைப் பார்த்தான். சரியென்று தலையாட்டினான். அவளுக்குக் கேட்ட முனகல் நின்று, மழைச்சத்தம் மட்டும் மிஞ்சியது.

தேவாலயத்துச் சுவாமியார் செபம் முடித்தார். பெட்டியைத் தூக்கியபோது றஞ்சனா தடுமாறிப் பியானோ மூடியில் கை ஊன்றினாள். சட்டென்று எடுத்தாள்.

வீரய்யா ஓடி வந்தார். "மறந்தே போயிட்டேம்மா, இந்தா மாட்டிடுறேன்."

பிளக் காலையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"இருக்கட்டும்" என்றாள். வெதுவெதுப்பாக இருந்த மரத்தின் மேல் கையைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.