இனிப்புத் தெரிகிறதா?

கும்மிடிப்பூண்டி பெயின்ட் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருநாள் மாஸ்க் சோதனை நடக்கும். மாஸ்க் போட்டவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, உள்ளே இனிப்புத் தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தட்டினால், மாஸ்க் முகத்தோடு பொருந்தவில்லை, பெயின்ட் தூசியும் அப்படித்தான் உள்ளே போகும் என்று அர்த்தம். ஆனால் சோதனை என்றாலே பாஸாக வேண்டும் என்று பழகிய ஜனமாயிற்றே! லைன் லீடர் ஈஸ்வரி ஒவ்வொரு பெண்ணிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "கேட்டா இனிக்கலன்னு சொல்லு. இல்லாங்காட்டி மிக்ஸிங்லேர்ந்து தூக்கிடுவாங்க." கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கன்னம் ஒட்டிப்போய் மாஸ்க் பொருந்தாமல் ஆனதிலிருந்து, ஆறு வருஷமாக அவளே இனிப்பை விழுங்கிக்கொண்டு, இனிக்கவில்லை என்று தலையாட்டியவள்தான்.

அன்றைக்குப் புதுவாயல் கிராமத்திலிருந்து வரும் இளமதி உட்கார்ந்தாள். தாடை இடது பக்கம் கோணிய பெண். போட்டோ என்றால் தலையைச் சாய்த்துக்கொள்வாள். வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

"இனிக்குதா?" என்றார் சேஃப்டி ஆபீசர் தணிகைவேல்.

"இனிக்குது சார்."

மாஸ்க் பட்டையை இறுக்கி மறுபடி அடித்தார்கள். மறுபடியும் அதே பதில். அவள் பெயர் நிரந்தரப் பட்டியலிலிருந்து போயிற்று, பெண் பேக்கிங்குக்குப் போனாள்.

"இன்னாடி, பொழைக்கத் தெரியாதவளா இருக்கிற!" என்று ஈஸ்வரி எகிறினாள்.

"நான் பொய் சொன்னா தூசி நின்னுக்குமாக்கா?"



தணிகைவேல்தான் இளமதியைப் பல் டாக்டரிடம் அனுப்பினார். நாலு வயதில் டிராக்டரிலிருந்து விழுந்து முகவாயில் தையல் போட்டவள் அவள். அப்போதே காதோரத் தாடை மூட்டு உடைந்து, அந்தப் பக்க எலும்பு சரியாக வளரவில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஒரு பக்கமே மென்று மென்று கோணிக்கொண்டாள் என்று ஊர் திட்டியதெல்லாம் வீண்பழி!

ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கிளிப். அப்புறம் தாடை எலும்பை அறுத்து, நேராக்கி, தகடு வைத்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பரால் பிணைத்தார்கள். வாரக்கணக்கில் கஞ்சியும் மோரும்தான். முகம் வீங்கிக் கிடந்தவளைப் பார்த்து ஈஸ்வரி அழுதுவிட்டாள். அவளோ ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'அழுவாதக்கா. பிரியாணிக்குச் சொல்லி வையி.' என்ன பெண்ணடா இவள் என்று ஈஸ்வரிக்கு மலைப்பாக இருந்தது.

அந்த முதல் சோதனைக்கு இரண்டு வருஷம் கழித்து மறுபடி அதே நாற்காலி, அதே உறை. தணிகைவேல் புகையை அடித்தார், இன்னொரு தடவையும் அடித்தார்.

"சுத்தமா இனிக்கல சார்!"

பெண்கள் கை தட்டினார்கள். இளமதி நேரான முகத்தை நேராகவே தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்தது ஈஸ்வரி. உறைக்குள் புகை வந்தது, நாக்கில் வழக்கம்போல் இனிப்புத் தட்டியது. வழக்கம்போல் இல்லையென்று தலையாட்டப் போனவள், எதிரே நின்ற இளமதியைப் பார்த்தாள்.

"இனிக்குது சார்," என்றாள். "எட்டு வருஷமா இனிக்குது."