வேலிக்கு உயிர் வந்த கதை

ஃபிலிபெர்ட்டோ ஒச்சோவா, பாலைவன நகரமான டூசானுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் கட்டிய வீட்டில் சுண்ணாம்புகூடக் காய்ந்துவிட்டது. ஆனால் குடிபோக முடியவில்லை. மனை சமன் செய்தபோது முள்ளுக் கழிகளாக நின்று மழைக்கு மட்டும் இலை விடும் ஒக்கொட்டீயோ செடிகள் மூன்றைப் பிடுங்கிப் போட்டிருந்தார். பாலைவனத்துச் செடியைப் பிடுங்கினால், ஒன்றுக்கு மூன்று நட்டு உயிரோடு காட்டினால்தான் குடிபோக அனுமதி என்பது ஊர்ச்சட்டம். மனுஷன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வேரறுந்த ஒன்பதை வாங்கி நட்டிருந்தார்.

குடிபோகும்வரை மச்சான் சூயியின் கார் கொட்டகையில்தான் குடித்தனம். மனைவி சொக்கோரோ கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை ராத்திரி நான் என் வீட்ல தூங்கணும். இல்லேன்னா எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க இந்தக் கொட்டகையையே கட்டிக்கிட்டு அழுங்க."

அவள் சொன்னால் செய்கிறவள்.

வியாழக்கிழமை ஊராட்சியிலிருந்து செடி பார்க்க பெஸ்கேரா அம்மாள் வந்தாள். ஒன்பதையும் கத்தி முனையால் சுரண்டினாள். உள்ளே பழுப்புதான்.

"செத்துப்போச்சு சார்."

"தூங்குதும்மா. மழை பெஞ்சா எந்திரிச்சிடும்."

"போன வாரம்தானே கொட்டித் தீர்த்துச்சு. ஊர்ல உள்ள ஒக்கொட்டீயோ எல்லாம் எந்திரிச்சுப் பல்லே வெளக்கியாச்சு. வேற நட்டு, வேர் புடிச்சப்புறம் கூப்பிடுங்க."

வேர் பிடிக்க மாதக்கணக்காகும். சனிக்கிழமைக்கோ இரண்டே நாள். ஃபிலிபெர்ட்டோ சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போதுதான் வேலி கண்ணில் பட்டது. வெட்டிய ஒக்கொட்டீயோ கழிகளைக் கம்பியில் கோத்து, பாய்போலச் சுருட்டி விற்பார்களே, அந்த வேலி. வீட்டைச் சுற்றி ஊன்றியிருந்தார். மழை குடித்த கழிகள் அடி முதல் நுனி வரை இலை விட்டிருந்தன.

"அம்மா, அதைக் கொஞ்சம் சுரண்டுங்க."

சுரண்டினாள். பச்சை. அவர் மண்ணைத் தோண்டி வெள்ளை வேரையும் காட்டினார்.

"ஒம்போதுதானே கேட்டீங்க? நானூறு நட்டிருக்கேன். மிச்சத்தை ஊருக்குத் தானமா வச்சுக்குங்க."

"அது வேலி சார்."

"வேலியா நிக்கிற செடி, செடி இல்லேன்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா?"

அவள் கைப்பேசியில் சட்டத்தை மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். இல்லை. மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அப்போ இது மொத்தமும் செடிதான்? யோசிச்சுச் சொல்லுங்க."

"மொத்தமும் செடி. ஒண்ணு விடாம."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஃபிலிபெர்ட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலியின் பக்கவாட்டில் விட்டிருந்த, ஆள் ஒருக்களித்து நுழையும் ஒரே சந்து வரை அவளை வழியனுப்பப் போனவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"நாளைக்கு முன்பக்கத்து வேலியை வெட்டி, கார் போற அளவுக்கு வாசல் விடணும். இரும்புக் கேட்டுகூட வாங்கியாச்சு."

"எந்த வேலி சார்? இங்க வேலியே இல்லையே. எல்லாம் செடின்னு நீங்கதானே சொன்னீங்க? வெட்டணும்னா மனு போடுங்க, ஆள் வந்து பாப்பாங்க. அப்புறம் ஒண்ணுக்கு மூணு நடணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

சனிக்கிழமை குளிர்சாதனப் பெட்டி கயிறு கட்டி வேலிக்கு மேலே போயிற்று. சூயி சிரித்துச் சிரித்து இரண்டு தடவை கயிற்றை விட்டான்.

"மாப்ள, வீடு கட்டுறவன் வாசலைத்தான் மொதல்ல பாப்பான்."

மெத்தை முள்ளில் கிழிந்து பஞ்சோடு வந்து சேர்ந்தது. சொக்கோரோ சந்தில் ஒருக்களித்து நுழைந்தாள், கட்டிலைத் தட்டிப் போட்டாள், விளக்கேற்றினாள். பிறகு சன்னலில் தலையை நீட்டினாள்.

"நான் சொன்ன மாதிரியே என் வீட்ல தூங்கப்போறேன். கார் வெளியில அநாதையா நிக்குது. எவனாவது ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். நீங்க போய் அதுல படுத்துக்குங்க."

வேலிக்கு வெளியே நின்ற ஃபிலிபெர்ட்டோ தலையணை கேட்டுக் கை நீட்டினார். அது வேலிக்கு மேலாகப் பறந்து வந்தது.