பெஞ்சில் இருக்கிறவன்

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியை டெனிஸ் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"போதும்டா, போதும். டிவி தெரியணும்னுதான் சொன்னேன். சொர்க்கம் தெரியணும்னு சொல்லல" என்றார் அவன் அப்பா எமில் ஹோராக்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலை எங்கே போடுவது என்ற கேள்விக்கே இடமில்லை. முன்னறையில், டிவிக்கு நேர் எதிரே. ஞாயிற்றுக்கிழமை, மியூல்ஸ் ஆடுகிற நாள். மியூல்ஸ் என்றால் கோவேறு கழுதைகள். பெயர் வைத்தவன் தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும். பாரம் ஏற்றாத வரைக்கும் அழகாக நிற்கும் அணி அது, ஏற்றினால் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கும் இடைவேளைக்கு முன்பே படுத்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்தின் முட்டைப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எறிவது என்று பிரெட் காலஹன் யோசித்தான். அவன்தான் குவார்ட்டர்பேக், பந்தெறிகிற தலைவன். அவன் யோசித்து முடிப்பதற்குள் எதிரணித் தடியர்கள் மூன்று பேர் அவன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"தலைமுடிய மட்டும் பாரு. ஷாம்பு விளம்பரத்துக்குப் போறான்ல, அங்கேயே இருந்திருக்கலாம்" என்றார் எமில். "போப்ப இறக்குங்கடா."

டேரியஸ் போப் மாற்று ஆள். இரண்டு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"போப் அப்படி என்னப்பா பண்ணிட்டான்?"

"இதுவரைக்கும் ஒரு பந்து தப்பா எறிஞ்சிருக்கானா?"

"ஒரு பந்துமே எறியலையேப்பா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நியாயத்தை மறுப்பதற்கில்லை. டெனிஸ் ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்தான்.

எமில் ஆயுள் முழுக்க இரும்பு உருக்காலையில் வேலை பார்த்தவர். காது பாதி போயிருந்தது. அந்தப் பாதியை ஈடுகட்டக் குரல் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. ஸ்லேட்டன் பள்ளிக்கூட மைதானத்தில் அவர் கத்தியபோது ஆற்றுக்கு அக்கரையில் போன சரக்கு ரயில் நின்றிருக்கிறது. ஒரு தடவை "அவன வெளிய எடுங்கடா" என்று அவர் கத்த, எதிரணிக் கோச் மிரண்டுபோய்த் தன் ஆளை வெளியே எடுத்துவிட்டார். சொன்னது தன்னை இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் விளங்கியது. இப்படித்தான் ஊரில் சொல்வார்கள். ஸ்லேட்டன் பொய் சொல்கிற ஊர் இல்லை. எதையும் குறைத்துச் சொல்கிற ஊர்.

ஆனால் எமிலின் கண்ணைப் பற்றி ஒருவரும் கதை கட்டியதில்லை. அது நிஜம். கல்லூரிகளில் ஆடுகிற பையன்களை, வேறு யாரும் பேர்கூடக் கேட்டிராத காலத்திலேயே, இவன் தேறுவான் இவன் தேறமாட்டான் என்று சொல்லிவிடுவார். அவர் கைகாட்டிய பையன்கள் ஒருவர் விடாமல் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். எல்லாம் வேறு அணிகளில். மியூல்ஸ்காரர்கள் ஒரு தடவையாவது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"வர்ற வசந்தத்துல ஆளெடுக்கறப்ப அந்த அயோவாப் பையன எடுக்கணும். ஃபென். சோளக்கொல்லைல வளந்தவன்" என்றார் இப்போது, கண்ணை மூடிக்கொண்டே. "எல்லாரும் இன்னொருத்தன் பின்னாடி அலையறானுங்க. கை பலமாம். கையப் பாத்து எவனாவது ஆளெடுப்பானா? காலப் பாக்கணும். பயம் வந்தா மொதல்ல காலுக்குத்தான் தெரியும். மூஞ்சிக்குக் கடைசிலதான் தகவல் வரும்."

"சரிப்பா."

"முன்வரிசைக்கு ரெண்டு தடியன் வேணும். இப்ப இருக்கறவனுங்க மாதா கோயில் கதவு. வர்றவன் போறவனுக்கெல்லாம் திறந்து விடறானுங்க."

வசந்தம் வர இன்னும் ஒரு முழுக் குளிர்காலம் இருந்தது. எமில் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு, அதே பேச்சின் தொடர்ச்சி போல, "என் பெட்டி தூக்கறதுக்கு ஆள் போட்டுட்டேன்" என்றார்.

"அப்பா."

"முன்னாடி வலப்பக்கம் உன் மாமன் லியோ. இடப்பக்கம் பேக்கரி வின்ஸ். நடுவுல நோவாக் அண்ணன் தம்பி ரெண்டு பேரும். பின்னாடி ஃப்ராங்கும் தபால்கார எட்டியும்."

"லியோ மாமாவுக்கு முழங்காலே இல்லப்பா."

"அனுபவம் இருக்கு. இதுவரைக்கும் எத்தன பேரத் தூக்கியிருக்கான்."

டெனிஸ் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தான். பிழிந்தான். மறுபடி நனைத்தான்.

"நான்?"

"நீ பெஞ்சு" என்றார் எமில்.

டெனிஸ் டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஐம்பது வயதைத் தாண்டியவன். நகரத் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கிறவன். அம்மா போனதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் இந்த அறைக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்து மியூல்ஸ் தோற்பதைப் பார்த்தவன். இருந்தும் அந்த வார்த்தை நேராகப் போய்ப் பழைய இடத்தில் விழுந்தது.

பள்ளிக்கூடக் கடைசி வருஷம் ஸ்லேட்டன் அணியின் குவார்ட்டர்பேக் அவன்தான். புரூக்டேல்காரர்களோடு நடந்த ஆட்டத்தில் இரண்டு பந்தை எதிரணியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். கேலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த பாலாஷ் பையன இறக்குங்கடா!" ஊரே திரும்பிப் பார்த்தது. யார் என்று பார்க்க அல்ல. அது எல்லாருக்கும் தெரியும். பெற்ற மகனையேவா என்று பார்த்தது. கோச் டெனிஸை வெளியே எடுத்துவிட்டு மார்ட்டி பாலாஷை இறக்கினார். டெனிஸ் ஹெல்மெட்டை வீசிவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போனவன், அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை. அப்பா அதைப் பற்றிப் பேசியதில்லை. மகன் கேட்டதும் இல்லை. ஊரில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் டெனிஸ் எழுந்து போய்விடுவான்.

டிவியில் காலஹன் நொண்டிக்கொண்டு வெளியே போனான். டேரியஸ் போப் வாயிலிருந்த விதையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"அப்பா, பாருங்க. போப் வர்றான்."

எமில் கண்ணைத் திறந்தார். போப் எறிந்த முதல் பந்து யாரும் இல்லாத புல்தரையில் போய் விழுந்தது. எமிலின் கை போர்வைக்கு மேல் எழுந்தது.

"காலஹன இறக்குங்கடா" என்றார்.

"காலஹனத்தான வேண்டாம்னீங்க?"

மருந்து பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு டெனிஸ் ஐஸ் எடுத்து வரப் போனான். திரும்பி வந்தபோது அப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது. ஆட்டம் நடக்கும்போது அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் கவனிக்கவில்லை. போப் இன்னொரு பந்தைத் தப்பாக எறிந்தான். அறையில் சத்தம் இல்லை. அப்போதுதான் டெனிஸ் திரும்பிப் பார்த்தான்.

*

ஸ்லேட்டனில் செத்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து அனுப்புவது பாலாஷ் குடும்பம். இப்போது மார்ட்டி பாலாஷ் நடத்துகிறான். ஆமாம், அதே மார்ட்டிதான். ஊரில் வேறு ஆள் இல்லை. இருந்திருந்தால் டெனிஸ் அங்கே போயிருப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் கறுப்புக் கோட்டு, மியூல்ஸின் பச்சைக் கம்பளித் தொப்பி, பரணில் கிடைத்த ஒரு பழைய முட்டைப் பந்து எல்லாவற்றையும் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

"தொப்பி தலைல வேண்டாம், கைல குடுப்போம். பாதிரியார் கோவிச்சுக்குவாரு" என்றான் மார்ட்டி. "பந்து கால்மாட்டுல இருக்கட்டும்."

எமிலின் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். அவர் வாயை மூடிவிட்டிருந்தான். அந்த வாயை மூடியபடி டெனிஸ் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யாரோ போல இருந்தார்.

"கடைசியா ஏதாவது சொன்னாராடா?"

டெனிஸ் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தான். "என்னத்த. மருந்து மயக்கம். கால் மணி நேரமா போப்ப இறக்கு, போப்ப இறக்குன்னாரு. அவன் இறங்கி ஒரு பந்து எறிஞ்சான். உடனே காலஹன இறக்குங்கடான்னுட்டாரு. அவ்வளவுதான்."

மார்ட்டி சீப்பைக் கீழே வைத்தான். தோள் குலுங்கியது. தொழில் செய்கிற இடத்தில் சிரிக்கக்கூடாது என்பது அவன் அப்பா போட்ட சட்டம். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மருந்தா? இவருக்கா? டேய், புரூக்டேல் மேட்ச்ல எனக்கும் இதையேதானடா பண்ணாரு."

"என்ன பண்ணாரு? உன்ன இறக்கச் சொன்னாரு. ஊருக்கே தெரியும்."

"இறக்கச் சொன்னாரு, இறங்கினேன். ஒரு பந்து எறிஞ்சேன். அது பேண்டு வாசிக்கறவன் டிரம்முல போய் விழுந்துச்சு. அந்த டிரம் சத்தம் அடங்கல, ஆரம்பிச்சாரு. 'என் பையன இறக்குங்கடா. அவனுக்குத்தான்டா கால் இருக்கு. என் பையன இறக்குங்கடா.' ஆட்டம் முடியற வரைக்கும். விசில் ஊதினப்புறமும். நான் வீட்டுக்குப் போக பஸ்ல ஏறி உக்காந்தப்புறமும் கேட்டுச்சு."

டெனிஸ் அவனையே பார்த்தான்.

"நீ கேக்கலையா?"

"உள்ள இருந்தேன்."

"அந்த அறைக்குக் கேக்காமயா இருக்கும்? அக்கரைக்குக் கேட்டுச்சேடா."

"எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுட்டு அடில உக்காந்திருந்தேன்" என்றான் டெனிஸ்.

மார்ட்டி எழுந்து எமிலின் கழுத்துப் பட்டையை நிமிர்த்தினான். பிறகு, "எனக்கு உன்மேல எவ்வளவு கடுப்பு தெரியுமா?" என்றான். "அதுக்கப்புறம் எந்த மைதானத்துல கால் வெச்சாலும் இவர் குரல்தான் காதுல. எங்கப்பா இந்தத் தொழிலுக்கு வாடான்னப்ப மறுபேச்சு பேசல. இங்க எவனும் கத்த மாட்டான் பாரு."

"ஏன் என்கிட்ட சொல்லல அவரு?"

"சொன்னாரேடா. இதுக்கு மேல எப்படிச் சத்தமா சொல்றது?"

மார்ட்டி மறுபடி சீப்பை எடுத்தான்.

"பெட்டி தூக்க யார் யாரு?"

டெனிஸ் ஆறு பேரையும் சொன்னான். கொஞ்சம் தயங்கி, "நான் பெஞ்சு" என்றான்.

சீப்பு எமிலின் காதோரத்தில் நின்றது. மார்ட்டி படுத்திருந்தவரைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தான். பிறகு வகிட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

*

புதன்கிழமை மழை விட்டிருந்தது, ஈரம் விடவில்லை. ஸ்லேட்டனின் கல்லறைத் தோட்டம் செங்குத்தான மேட்டில் இருக்கிறது. தட்டையான நிலத்தையெல்லாம் உருக்காலை எடுத்துக்கொண்டது. மேட்டில்தான் செத்தவர்களுக்கு இடம் மிஞ்சியது. மேப்பிள் இலைகள் புல்லெங்கும் ஒட்டிக் கிடந்தன. வண்டி பாதி வழிக்குமேல் ஏறாது.

ஆறு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். டெனிஸ் பின்னால் நடந்தான், கையுறைக்குள் கையை மூடியபடி. அவனுக்குப் பின்னால் பாதி ஊர். ஃபயர் ஸ்டேஷன் கூடத்தில் சாப்பாட்டுக்குப் பியரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸும் சூடாகிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பில் சிலர் கொஞ்சம் வேகமாகவே ஏறினார்கள்.

மேட்டின் நடுவில் லியோ மாமாவின் முழங்கால் மடங்கியது.

அவர் விழவில்லை. ஆனால் பெட்டியின் வலது முனை தாழ்ந்தது. நோவாக் சகோதரர்கள் பல்லைக் கடித்தார்கள். தபால்கார எட்டி புல்லில் ஒரு அடி சறுக்கி நின்றான். அந்த மேட்டில் இருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். எல்லாரும் எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். எல்லாருக்கும் அது பழகியிருந்தது. அக்கரையில் ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது.

தலைப்பக்கம் நின்றிருந்த மார்ட்டி, ஆறு பேரையும் தாண்டிப் பின்னால் டெனிஸைப் பார்த்தான். ஆளை இறக்கும் கோச்சைப் போலக் கட்டை விரலை உள்பக்கமாக அசைத்தான்.

"வாடா" என்றார் லியோ மாமா, மூச்சு இரைக்க. "என் பங்கு முடிஞ்சுது."

டெனிஸ் கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தான். மாமாவின் கைக்குப் பக்கத்தில் கையை வைத்தான். அவர் விட்டார், இவன் பிடித்தான். பித்தளைக் கைப்பிடியில் மாமாவின் சூடு இருந்தது.

"தூக்கு" என்றான் வின்ஸ்.

தூக்கினார்கள். பெட்டி சாய்ந்து நிமிர்ந்தபோது உள்ளே எதுவோ உருண்டது. முட்டைப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது கால்மாட்டிலிருந்து தட்டுத்தடுமாறி வந்து, டெனிஸின் விரல்களுக்கு நேரே பலகையில் ஒரு தட்டுத் தட்டி நின்றது.

"என்னடா சத்தம்?" என்றார் லியோ மாமா, பக்கத்தில் நொண்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல மாமா."

ஈரப் புல். ஒட்டிய இலைகள். செங்குத்து. லியோ மாமா குனிந்து, மருமகனின் கால்கள் மாறி மாறி, நழுவாமல், மேட்டில் ஊன்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார்.